மருதாணியைப் போல் நகர்கிறதா?

நெடுந்தூரம் ஓடுபவர்களின் கால் நகம் கறுப்பது பெரும்பாலும் ஷூவின் குற்றம். சும்மா விட்டாலே சரியாகிவிடும். ஆனால் நகத்தடியில் தெரியும் எல்லாக் கறையும் ரத்தக்கறை அல்ல.

ஜனவரி மாதத்தின் மூன்றாவது ஞாயிறு. வெயில் ஏறிவிட்டது. தெற்கு மும்பையில் மராத்தானை முடித்தவர்கள் நிழல் கண்ட இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கழுத்தில் பதக்கம், கையில் தண்ணீர் பாட்டில். யாராவது ஒருவர் ஷூ கயிற்றை அவிழ்த்து, சாக்ஸை மெல்ல உரித்து, கால் விரல்களைப் பார்ப்பார். கட்டை விரல் நகம் நாவல் பழ நிறத்தில் இருக்கும். பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்து, "முதல் நகமா? வாழ்த்துகள்!" என்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

ஓட்டக்காரர்கள் உலகில் கறுத்த நகம் ஒரு விருது. எத்தனை நகம் விழுந்தது என்பதை எத்தனை மராத்தான் ஓடினோம் என்பதைப் போலவே சொல்லிக்கொள்கிறார்கள். ஒரு காலத்தில் நெடுந்தூர ஓட்டம் ராணுவம், ரயில்வே, போலீஸ் அணிகளின் சமாச்சாரமாக இருந்தது. 2004ல் மும்பை மராத்தான் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. வங்கி அதிகாரி, பள்ளி ஆசிரியை, ஓய்வுபெற்ற என்ஜினீயர், கம்ப்யூட்டர் முன்னால் நாளெல்லாம் உட்காரும் இளைஞர் என்று எல்லோரும் இப்போது விடியற்காலையில் சாலையில் இருக்கிறார்கள். முழங்கால் வலித்தால் டாக்டரிடம் போகிறார்கள். நகம் கறுத்தால் போவதில்லை. மூத்த ஓட்டக்காரரிடம் கேட்கிறார்கள். "ஊசியைச் சுடவைத்துக் குத்து" என்கிறார் ஒருவர். "பிடுங்கிப் போடு, புதுசு முளைக்கும்" என்கிறார் இன்னொருவர். "ஒன்றும் செய்யாதே" என்கிறார் மூன்றாமவர்.

பத்துக்கு ஒன்பது முறை மூன்றாமவர் சொல்வதே சரி. அந்தப் பத்தாவது முறையை அடையாளம் காண்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நகம் எப்படிக் கறுக்கிறது?

மராத்தான் தூரம் 42.195 கிலோமீட்டர். எட்டு ஒன்றுக்கு ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால் சுமார் 42,000 எட்டுகள். அதாவது ஒவ்வொரு காலும் 21,000 முறை தரையில் பதிகிறது. ஷூவுக்குள் பாதம் சற்றே முன்னால் சரியும் நிலை இருந்தால், அத்தனை முறையும் விரல் நுனி ஷூவின் முன்சுவரில் முட்டும். ஒரு முட்டல் உறைக்கவே உறைக்காது. இருபதாயிரம் முட்டல் சுத்தியலின் வேலையைச் செய்துவிடும்.

நகத்தின் அடியில் இருக்கும் சதைப் படுகையில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் ஏராளம். இடைவிடாத முட்டலில் அவை உடைந்து ரத்தம் கசிகிறது. மேலே கெட்டியான நகம், கீழே எலும்பு. கசிந்த ரத்தம் நடுவில் சிக்கிக்கொள்கிறது. அழுத்தம் கூடினால் விண்விண்ணென்று தெறிக்கும். முதலில் சிவப்பு, பிறகு கருஞ்சிவப்பு, கடைசியில் கறுப்பு.

கையில் அடிபட்டுக் கன்றிப்போனால் இரண்டு மூன்று வாரத்தில் மறைந்துவிடுகிறது. உறைந்த ரத்தத்தை உடலே கரைத்து இழுத்துக்கொள்வதே காரணம். நகத்தடியில் உறைந்த ரத்தம் அப்படி எளிதில் கரைவதில்லை. அது நகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. நகம் வளரும்போது கூடவே முன்னால் தள்ளப்பட்டு, கடைசியில் நகவெட்டிக்கு இரையாகிறது.

இதைப் புரிந்துகொள்ள மருத்துவப் புத்தகம் தேவையில்லை. மருதாணி இட்டுக்கொண்ட எந்தப் பெண்ணுக்கும் தெரியும். உள்ளங்கைச் சிவப்பு சில வாரங்களில் போய்விடும். நகத்தில் ஏறிய சிவப்பு போகாது. நாளடைவில் நகத்தின் அடியில் ஒரு வெள்ளைப் பிறை தோன்றும். பிறை வளர வளர சிவப்பு நுனியை நோக்கி நகரும். ரத்தக்கறையும் அப்படித்தான் நகரவேண்டும்.

என்ன வேகத்தில்? கை நகம் மாதத்துக்கு சுமார் மூன்று மில்லிமீட்டர் வளர்கிறது. கால் நகம் அதில் பாதிதான், ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். கால் கட்டை விரலில் ஒரு நகம் போய் இன்னொரு நகம் முழுதாக வர 12 முதல் 18 மாதங்கள் பிடிக்கும். நகத்தின் விவகாரங்களில் முதல் மருந்து பொறுமை.

குற்றவாளி யார்?

பெரும்பாலும் ஷூ. ஓடும்போது, அதுவும் வெயிலில் மணிக்கணக்காக ஓடும்போது, பாதம் வீங்குகிறது. காலையில் கச்சிதமாக இருந்த ஷூ முப்பதாவது கிலோமீட்டரில் இறுக்கிப் பிடிக்கிறது. கடையில் ஏ.சி. அறையில் உட்கார்ந்தபடி போட்டுப் பார்த்து, "அளவு கச்சிதம்" என்று வாங்கிய ஷூ, நெடுந்தூரத்துக்குச் சின்ன ஷூ.

நீளமான விரலுக்கும் ஷூவின் முன்சுவருக்கும் இடையில் ஒரு கட்டை விரல் அகலம் இடம் இருக்கவேண்டும். நின்றுகொண்டு பார்க்கவேண்டும், உட்கார்ந்து அல்ல. இரண்டு பாதங்களும் ஒரே அளவில் இருக்கும் என்று நம்பக்கூடாது. பெரிய பாதத்துக்கே ஷூ வாங்கவேண்டும். ஓடும்போது அணியும் சாக்ஸையே கடைக்கும் கொண்டுபோக வேண்டும். மாலை நேரம் உத்தமம். நாள் முழுக்க நின்று நடந்த பாதம் சற்று உப்பியிருக்கும். இந்தியக் கடைகளில் பரவலாகப் புழங்கும் பிரிட்டிஷ் அளவு முறையில் ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் வித்தியாசம் மூன்றில் ஒரு அங்குலம், அதாவது சுமார் எட்டரை மில்லிமீட்டர். அரை சைஸ் என்றால் நான்கு மில்லிமீட்டர் சொச்சம். ஒரு நகத்தைக் காப்பாற்ற அது பல சமயம் போதும்.

நீளம் சரியாக இருந்தும் விரல்கள் நசுங்குவது உண்டு. அதற்குக் காரணம் அகலம். சென்னை அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. இந்தியர்களின் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானது என்பது அதில் தெரியவந்த முக்கியமான விஷயம். அதன் அடிப்படையில் 'பா' என்ற பெயரில் இந்தியாவுக்கென்றே ஓர் அளவு முறை முன்வைக்கப்பட்டது. அதுவரை நம்மவர்கள் அகலப் பற்றாக்குறையை நீளத்தில் ஈடுகட்டி, பெரிய சைஸ் ஷூவை வாங்கி, கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னமும் பலர் அதைத்தான் செய்கிறார்கள். அளவுக்கு மீறிப் பெரிய ஷூவில் பாதம் முன்னும் பின்னும் ஓடும். நகத்துக்கு அதுவும் ஆபத்துதான். அகலமான முன்பகுதி கொண்ட மாடலைக் கேட்டு வாங்குவதே வழி.

கட்டை விரலைவிடப் பக்கத்து விரல் நீளமாக இருப்பவர்களும் உண்டு. அப்படி இருக்கும் பெண் புருஷனை ஆட்டிவைப்பாள் என்று ஊரில் சொல்வார்கள். ஆட்டிவைக்கிறாளோ இல்லையோ, ஓடும்போது முதலில் முட்டிக்கொள்வது அந்த விரல்தான். இவர்களுக்குக் கட்டை விரல் நகம் தப்பிக்கும், இரண்டாம் விரல் நகம் கறுக்கும். ஷூவின் அளவை அந்த விரலிலிருந்து கணக்கிட வேண்டும்.

அந்த விரலில்தான் மெட்டியும் இருக்கிறது. மணமான பெண்கள் நிறையப் பேர் மெட்டியோடு ஓடுகிறார்கள். வடக்கே பிச்சியா அணிபவர்களும் அப்படியே. பத்து நிமிட நடைக்கு அது பாதகமில்லை. மூன்று நான்கு மணி நேரம் ஓடி விரல் வீங்கும்போது வெள்ளி வளையம் பக்கத்து விரலை அறுக்கும், வீங்கிய விரலைவிட்டுக் கழலவும் மறுக்கும். நெடுந்தூர ஓட்டத்துக்கு முன் கழற்றி வைப்பது நல்லது. கழற்ற மனமில்லாதவர்கள் குறைந்தபட்சம் வழவழப்பான, மெல்லிய மெட்டிக்கு மாறலாம்.

பொருந்தாத ஷூவைப் பற்றிப் பேசும்போது அபேபே பிகிலாவை விட்டுவிட முடியாது. எத்தியோப்பிய வீரரான அவர் 1960 ரோம் ஒலிம்பிக் மராத்தானை வெறுங்காலுடன் ஓடித் தங்கம் வென்றார். கிடைத்த ஷூ காலுக்குச் சரிப்படவில்லை. 1964ல் டோக்கியோவில் ஷூ அணிந்து ஓடி மறுபடியும் தங்கம் வென்றார். பொருந்தாத ஷூவுக்கு வெறுங்கால் மேல், வெறுங்காலுக்குப் பொருந்திய ஷூ மேல்.

இறங்கும்போதுதான் சிக்கல்

ஏறுவது மூச்சை வாங்கும். இறங்குவது நகத்தை வாங்கும். சரிவில் ஓடும்போது உடலின் எடை முழுவதும் விரல் நுனிகளை ஷூவின் முன்சுவருக்கு எதிராகத் தள்ளுகிறது. 2012ல் தொடங்கிய லடாக் மராத்தானின் ஓர் அங்கமான கார்துங் லா ஓட்டம் 72 கிலோமீட்டர். கார்துங் கிராமத்திலிருந்து சுமார் 32 கிலோமீட்டர் ஏறி, 5,300 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள கணவாயைத் தொடவேண்டும். அங்கேதான் மூச்சுத் திணறும் என்று எல்லோரும் அஞ்சுகிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு, 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரத்துக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரம் இறக்கம் காத்திருக்கிறது. கால் நகங்களுக்கு அங்கேதான் சோதனை.

தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டம் 1921லிருந்து நடந்துவருகிறது. சுமார் 90 கிலோமீட்டர். ஒரு முனை கடலோர டர்பன். மறுமுனை 1893ல் காந்தி ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட பீட்டர்மாரிட்ஸ்பர்க். வழக்கமாக ஓர் ஆண்டு ஏற்றம், அடுத்த ஆண்டு இறக்கம். இறக்கம்தானே சுலபம் என்று நினைப்பவர்களுக்கு அவர்களது தொடைகளும் நகங்களும் வேறு பதில் சொல்லும்.

இறக்கத்தில் பாதம் முன்னால் சரியாமல் தடுக்க ஒரு எளிய உபாயம் உண்டு. ஓட்ட ஷூக்களில் கணுக்கால் பக்கம், மேல் ஓரத்தில், மற்றத் துளைகளின் வரிசையிலிருந்து சற்றே விலகி ஒரு துளை இருக்கும். காற்று வருவதற்கு வைத்தது என்று நினைத்துப் பலர் அதைச் சும்மா விட்டுவிடுகிறார்கள். கயிற்றை வழக்கம்போல் கோத்துக்கொண்டு வந்து, கடைசியில் குறுக்கே கொண்டுபோகாமல் அதே பக்கத்து மேல்துளையில் நுழைக்கவேண்டும். இரு பக்கமும் ஒரு சிறு வளையம் உண்டாகும். இடப்பக்கக் கயிற்றை வலது வளையத்திலும் வலப்பக்கக் கயிற்றை இடது வளையத்திலும் விட்டு, பின்பக்கமாக இழுத்து முடிச்சுப் போடவேண்டும். குதிகால் பின்னால் பூட்டுப் போட்டதுபோல் நின்றுவிடும். விரல்களுக்கு முன்னால் இடம் கிடைக்கும். செலவு ஒரு பைசா இல்லை.

கறுத்துவிட்டது, என்ன செய்வது?

வலி இல்லையென்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். நகமே பாதுகாப்பு மூடி. அடியில் புது நகம் உருவாகிப் பழையதை மெல்லத் தள்ளிவிடும். ஷூவை மாற்றிவிட்டு ஓட்டத்தைத் தொடரலாம்.

விண்விண்ணென்று தெறித்தால், தூங்கவிடாமல் வலித்தால், முதல் ஓரிரு நாட்களுக்குள் டாக்டரிடம் போகவேண்டும். அவர் நகத்தில் சிறு துளை போட்டு ரத்தத்தை வெளியேற்றுவார். நகத்தில் நரம்பு கிடையாது, துளையிடுவது உறைக்காது. ரத்தம் வெளியேறிய நொடியில் வலி தணியும். இரண்டு நாளுக்கு மேல் போனால் ரத்தம் உறைந்துவிடும், துளையிட்டுப் பயனில்லை. பாதி நகத்துக்கு மேல் கறுத்திருந்தால் நகத்தையே எடுத்துவிட வேண்டும் என்று முன்பெல்லாம் சொல்வார்கள். நகமும் அதன் ஓரங்களும் சிதையாமல் இருந்தால் துளையிட்டு வடித்தாலே போதும் என்பது இன்றைய நிலை. கல்லில் மோதியோ கனமான பொருள் விழுந்தோ கறுத்திருந்தால் எலும்பு விரிசல் இருக்கிறதா என்று எக்ஸ்ரே பார்ப்பார்கள்.

இதையே வீட்டில் குண்டூசியைச் சுடவைத்துச் செய்பவர்கள் இருக்கிறார்கள். சிலருக்குச் சரியாகவும் ஆகிவிடுகிறது. அந்தத் தைரியத்தில் அடுத்தவருக்கும் சொல்கிறார்கள். மூடியிருந்த இடத்துக்கு வாசல் திறந்துவிடுவதால் அழுக்கும் கிருமியும் உள்ளே போகும். சீழ் பிடித்தால், நகத்துக்கு நேர் அடியில் இருக்கும் எலும்புவரை அது போகலாம்.

ஆடும் நகத்தைப் பிடுங்கக்கூடாது. கழன்ற பகுதியை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தை டேப் சுற்றிக் காக்கவேண்டும். தானாக விழுந்துவிட்டால் சோப்புத் தண்ணீரில் கழுவி, வாசலின் தடவி, ஒட்டாத பிளாஸ்திரி போட்டு, சதை கெட்டிப்படும்வரை சில நாட்கள் விடவேண்டும். புது நகம் தடித்தோ மேடுபள்ளமாகவோ வந்தால் பதற வேண்டாம். ஓரிரு சுற்று வளர்ந்தபின் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தொல்லையே வேண்டாம் என்று நகங்களை நிரந்தரமாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. அமெரிக்காவின் மார்ஷல் உல்ரிச், கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் 217 கிலோமீட்டர் நடக்கும் பேட்வாட்டர் ஓட்டத்தில் புகழ்பெற்றவர். தன் கால் நகங்களை அறுவைச் சிகிச்சை மூலம் எடுத்துவிட்டார். ஆண்டுக்கு ஓரிரு மராத்தான் ஓடுபவர் அவரைப் பின்பற்ற வேண்டியதில்லை. அவர் எடுக்கவேண்டியது நகத்தை அல்ல, நகவெட்டியை. ஓட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் நகத்தை நேர்கோடாக, நீட்டிக்கொண்டு இல்லாமல் வெட்டினால் போதும்.

நேர்கோடு என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். கை நகத்தைப்போல் கால் நகத்தையும் வளைவாக, ஓரங்களை ஆழமாக வெட்டுவது பலர் வழக்கம். வெட்டிய ஓரத்தில் மிஞ்சும் சிறு முள் வளரும்போது சதைக்குள் இறங்கும். ஓரம் சிவந்து வீங்கும். ஆரம்பத்தில் வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடம் ஊறவைத்து, நக ஓரத்தின் அடியில் சிறு பஞ்சுத் திரியைச் செருகிவந்தால் அடங்கும். சீழ் வந்துவிட்டால் கை வைத்தியம் கூடாது. நகச்சுத்திக்கு விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொள்ளும் பழக்கம் இங்கே சரிவராது. உள்ளே முள் இருக்கும்வரை புண் ஆறாது. அடிக்கடி திரும்பி வந்தால் டாக்டர் விரலை மரக்கவைத்து, நகத்தின் அந்த ஓரத்தை மட்டும் நீளவாக்கில் எடுத்து, அது மறுபடி வளராதபடி வேர்ப்பகுதியில் பீனால் தடவுவார். அன்றே வீடு திரும்பலாம்.

சொத்தையா, தழும்பா?

அடிபட்ட நகம் படுகையிலிருந்து சற்று விலகி நிற்கும். வியர்வையில் ஊறிய சாக்ஸ், காற்றில்லாத ஷூ, விலகிய நகம் மூன்றும் சேர்ந்தால் பூஞ்சைக்கு விருந்து. நகம் மஞ்சளாகி, தடித்து, பொடிப்பொடியாக உதிரும். இதுதான் சொத்தை நகம்.

ஆனால் தடித்து மஞ்சளான நகமெல்லாம் பூஞ்சை நகமல்ல. பார்வைக்குக் கெட்டுப்போன நகங்களில் ஏறத்தாழ பாதியில்தான் பூஞ்சை இருக்கும். ஓட்டக்காரர்களுக்கு வெறும் அடியாலேயே நகம் அப்படி ஆகலாம். நகத்துணுக்கை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் மாத்திரையைத் தொடங்கக்கூடாது. பூஞ்சை உறுதியானால் வழக்கமாகத் தரப்படுவது டெர்பினாஃபின் 250 மில்லிகிராம், தினம் ஒன்று, 12 வாரம். கல்லீரலைப் பரிசோதித்த பிறகே டாக்டர் தருவார். மாத்திரை மூன்று மாதத்தில் முடிந்தாலும் நல்ல நகம் முழுதாகத் தெரிய ஓராண்டுக்கு மேல் ஆகும். நடுவில் "பலனில்லை" என்று நிறுத்துபவர்களே அதிகம். மருந்துக்கடைக்காரரிடம் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகள் பல, ஸ்டீராய்டு கலந்தவை. பூஞ்சையை அவை வளர்த்துவிடும்.

வலிக்காத கால்

டாக்டர் நடக்கச் சொல்லி நடக்கத் தொடங்கி, நடை ஓட்டமாகி, ஓட்டம் மராத்தானாக மாறியவர்கள் இன்று ஏராளம். அவர்களில் கணிசமானோர் சர்க்கரை நோயாளிகள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்தி 2023ல் வெளியிட்ட ஆய்வின்படி நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி.

நீரிழிவு நாட்பட்டால் கால் நரம்புகள் மரத்துப்போகும். நகம் கறுத்தாலும் வலிக்காது. மற்றவர்களுக்கு வலியின்மை நல்ல சேதி. இவர்களுக்கு அது கெட்ட சேதி. ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் சிறு புண் ஆறாமல் விரலையே காவு வாங்கலாம். இவர்கள் நகத்தில் ஊசி வைக்கவே கூடாது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் விரல் இடுக்குகளைக் கண்ணால் பார்க்கவேண்டும். நகம் கறுத்தால், வலிக்காவிட்டாலும் டாக்டரிடம் காட்டவேண்டும். ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இதே விதி.

நகராத கறை

1977. ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லி கால்பந்துப் பைத்தியம். கால் விரல் நகத்தடியில் ஒரு புண். ஆடும்போது பட்ட அடி என்றே முதலில் கருதப்பட்டது. பரிசோதித்ததில் அது மெலனோமா என்ற தோல் புற்றுநோய் எனத் தெரிந்தது. விரலை எடுத்துவிடச் சொன்னார்கள். அவர் சம்மதிக்கவில்லை, அவரது மத நம்பிக்கை இடம் தரவில்லை. நகத்தையும் அடிச்சதையையும் மட்டும் நீக்கினார்கள். நோய் பரவியது. 1981 மே 11ல் அவர் இறந்தபோது வயது 36.

அடிபட்டதால் அவருக்கு அந்த நோய் வந்தது என்று அர்த்தமல்ல. அடி என்று நினைத்ததால் நோய் மறைந்து நின்றது என்பதே பாடம். நகத்தடி மெலனோமா அபூர்வம். கறுத்த நகத்தைக் கண்டு யாரும் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை. ஆனால் கறுத்த தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா வரும்போது, அது உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி ஆகிய இடங்களில் வருவதே அதிகம். நகங்களில் அது தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் கட்டை விரலை. ஓட்டக்காரருக்கு ரத்தம் கட்டுவதும் அதே இடத்தில்தான்.

இங்கேதான் மருதாணிக் கணக்கு உதவுகிறது. ரத்தக்கறை நகத்தோடு நகரும். இரண்டு மாதத்தில் நகத்தின் அடியில் மூன்று மில்லிமீட்டர் அளவுக்குச் சுத்தமான பிறை தெரியவேண்டும். தெரிந்தால் நிம்மதி. மெலனோமா நிறத்தை நகத்தின் வேரிலேயே உற்பத்தி செய்கிறது. நகம் எவ்வளவு வளர்ந்தாலும் பிறை தோன்றாது. வேரிலிருந்து நுனிவரை ஒரு கறுப்பு அல்லது பழுப்புக் கோடாக நிற்கும்.

கோடுகள் எல்லாமே ஆபத்தல்ல. கறுத்த தோல் உள்ளவர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய கோடுகள் இயல்பாகவே இருக்கும். ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றிய கோடு, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் அகலமானது, நாளுக்கு நாள் விரிவது, ஓரம் சீரற்றது, நகத்தைப் பிளப்பது, அடிபடாமலே ரத்தம் கசிவது இவையே எச்சரிக்கை. நகத்தைத் தாண்டி அடித்தோலிலும் கறுப்பு படர்ந்தால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. 19ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்து மருத்துவர் ஜொனாதன் ஹட்சின்சன் பெயரால் அது இன்றும் அறியப்படுகிறது.

ஓட்டக்காரருக்கு ஒரு கூடுதல் குழப்பம் உண்டு. வாராவாரம் ஓடினால் வாராவாரம் புது ரத்தம் கசிந்து, பழைய கறை நகராததுபோலத் தோன்றலாம். எனவே முதலில் ஷூவைச் சரிசெய்துவிட்டுப் பிறகு கணக்கை ஆரம்பிக்கவேண்டும். மாதம் ஒருமுறை, அதே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து செல்போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். நகப்பாலிஷைத் துடைத்துவிட்டு எடுக்கவேண்டும். கறுத்த நகத்தை மறைக்கப் பாலிஷ் பூசும் பெண்கள் வருடக்கணக்கில் அதைப் பார்ப்பதே இல்லை. மூன்று மாதமாகியும் பிறை தெரியவில்லையா? தோல் மருத்துவரிடம் போகவேண்டும். நகம் அவர் இலாகா என்பதே பலருக்குத் தெரிவதில்லை. அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து ரத்தமா நிறமியா என்று பெரும்பாலும் அங்கேயே சொல்லிவிடுவார். சந்தேகம் இருந்தால் துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பார். ஆரம்பத்தில் பிடித்துவிட்டால் உயிருக்கு ஆபத்தில்லாமல் தப்பிக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஓடுபவர்கள் நினைவுக்கு

• நீள விரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம். ஷூ வாங்க மாலை நேரம்.
• நகத்தை நேர்கோடாக வெட்டவும். ஓட்டத்துக்கு முதல் நாள் வெட்டாதீர்கள். ஒரு வாரம் முன்னதாக.
• இறக்கம் உள்ள பாதையில் கடைசித் துளையையும் பயன்படுத்திக் கயிறு கட்டவும்.
• வலியில்லாத கறுப்பு: தொடாதீர்கள். தெறிக்கும் வலி: ஓரிரு நாளுக்குள் டாக்டர்.
• சர்க்கரை நோயாளிகள்: வலி இல்லாவிட்டாலும் டாக்டர்.
• மாதம் ஒரு படம். மூன்று மாதத்தில் பிறை தெரியாவிட்டால் தோல் மருத்துவர்.

ஜனவரியில் மும்பையில் கறுத்த நகம் முழுதாக மாறிவர அடுத்த ஜனவரி ஆகிவிடும். அதே இடத்தில், அதே நிழலில் உட்கார்ந்து சாக்ஸை உரிக்கும்போது விரல்கள் பத்தும் வெளுப்பாக இருந்தால், பக்கத்தில் இருப்பவர் வாழ்த்துச் சொல்ல மாட்டார். ஷூவை எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்பார்.